பனைக்கு நேர்

சித்திரை பிறக்க ஒன்பது நாள் இருந்தது. தெற்கே இருந்து வீசும் சோழகக் காற்று இன்னும் எழவில்லை. கடல் அசையாமல் கிடந்தது.

இருட்டு விலகும் முன் கரையை விட்ட கட்டுமரம், வெயில் ஏறும்போது மூன்று மைல் வெளியே வந்திருந்தது. பின்பக்கம் துரைராசு துடுப்புப் பிடித்திருந்தார். முன்பக்கம் அவர் மனைவியின் தம்பி கோவிந்தராசு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். துரைராசுவின் கட்டுமரத்தில் அதுதான் சட்டம். முன்னால் இருப்பவன் கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பதினொரு வருடமாகக் கோவிந்தராசு கிழக்கைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறான்.

துரைராசு கரையைப் பார்த்தார். கிழக்கு வெயில் நேராகக் கரையில் விழும் முக்கால் மணி நேரம்தான் அவருக்கு வேண்டியது. அப்புறம் மணலிலிருந்து ஆவி கிளம்பி எல்லாம் கலங்கிவிடும். பூம்புகாருக்குத் தெற்கே கரை முழுக்கத் தட்டை. மேடு கிடையாது. சவுக்குத் தோப்பு, மணல், அதற்குப் பின்னால் நெல்வயல். வயலிலிருந்து கடல் பக்கம் ஓடும் வடிகால் கரையில் இரண்டு பனை. ஒன்று கடலோரம், இன்னொன்று முந்நூறடி உள்ளே தள்ளி. கட்டுமரம் தெற்கே நகர நகர இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். முன்பனை பின்பனையை முழுசாக மறைத்து ஒற்றைப் பனையாக நிற்கிற இடம் ஒரு கோடு. பள்ளிவாசல் மினாராவின் பிறை, இடிந்த சுங்கச் சாவடிச் சுவருக்கு நேர் மேலே வருவது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில், பதினாலு பாகம் ஆழத்தில், பார் இருந்தது. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்.

பார் என்றால் கடலடிப் பாறை. இது சின்னப் பார். நாலு கட்டுமரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் மூடிவிடலாம். சுற்றிலும் சேறு. கொஞ்சம் தள்ளித் தூண்டில் விட்டாலும் கெளுத்திதான் வரும். துரைராசுவின் அப்பா ரெத்தினம் கண்டுபிடித்தது இது. ஒரு நாள் அவர் வலை கிழிந்தது. கிழிந்த கண்ணியில் விரல் நீளத்துக்குச் சிவப்பாகப் பவளத் துண்டு ஒட்டியிருந்தது. கூட வந்தவர்கள் கிழிசலைப் பார்த்தார்கள். ரெத்தினம் துண்டை எடுத்து மடியில் முடிந்துகொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தார்.

“கல்ல விடு மாப்ள.”

கோவிந்தராசு நங்கூரக் கல்லை இறக்கினான். நரம்பு அறுக்காதிருக்க ஆட்காட்டி விரலில் சைக்கிள் டியூபை வெட்டிய வளையத்தை மாட்டிக்கொண்டார்கள். நைலான் தங்கூசி நரம்பு, ஈயக் குண்டு, தூண்டில் முள்ளில் உயிருள்ள சூடை மீன். குண்டு பாறையைத் தட்டுவது விரலில் தெரிந்ததும் அரைப் பாகம் மேலே இழுத்துப் பிடித்தார்கள்.

பாரில் கிடைப்பது களவா மீன். அது அலைகிற மீன் அல்ல. அதற்கு வீடு உண்டு. பாரில் ஒரு பொந்து பார்த்து அதில் உடம்பை வைத்துக்கொள்ளும். இரை எதிரே வந்தால் பாய்ந்து வரும், விழுங்கும், அதே மூச்சில் வீடு திரும்பும். தூண்டில்காரனுக்குக் கிடைப்பது அந்த ஒரு மூச்சு. அதற்குள் இரண்டு பாகம் மேலே தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டால் மீன் நம்முடையது. அசந்தால் பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்து, முதுகு முள்ளை மேல்பாறையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இழுத்தால் பாறை நரம்பை அறுக்கும்.

துரைராசு இரண்டு மீன் ஏற்றினார். செம்பழுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள். ஆழத்திலிருந்து வந்ததில் இரைப்பை வாய்வழியே பிதுங்கியிருந்தது. மூன்றாவது கோவிந்தராசுவின் முள்ளில் விழுந்தது. அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். சுதாரிப்பதற்குள் நரம்பு கல்லாகிவிட்டது.

இழுக்காதே என்றார் துரைராசு. நரம்பைத் தளர விடச் சொன்னார். ஆள் போய்விட்டான் என்று மீன் நினைக்க வேண்டும். கோவிந்தராசு இரண்டு பாகம் தளர்த்திக் கட்டையில் சுற்றிவிட்டுப் பழைய சோற்றுத் தூக்கைத் திறந்தான். துரைராசு சாப்பிடவில்லை. நரம்பை விரல்மேல் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வெயில் முதுகில் ஏறியது. கோவிந்தராசு சாப்பிட்டு, தூக்கைக் கழுவி, பீடி பற்றவைத்து, அதையும் முடித்தான். நரம்பு இம்மியளவு நகர்ந்தது. துரைராசு எழுந்தபடியே இழுத்தார். இது மற்ற இரண்டையும்விடப் பெரிது.

கோவிந்தராசு மீனைப் பார்த்தான். “இவ்வளவு பொறுமையா இருந்தா நான் எப்பவோ தாசில்தாராயிருப்பேன் மாமா.”

அவர்கள் கரை தொட்டபோது நாட்டார் சிங்காரவேலு மணலில் நின்றிருந்தார். நாட்டார் என்றால் மீனவர் ஊருக்குத் தலைவர். ஊரில் கல்யாணமும் சண்டையும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். பெரிய உடம்பு, உடம்புக்குத் தகுந்த குரல். இன்று அவர் முகத்தில் பெருமை இருந்தது.

முந்தின நாள் மாலை இறால் பண்ணைக்காரர்களோடு ஊர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டிருந்தது. பண்ணை வந்து இரண்டு வருடமாகிறது. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த நிலங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் குளம் வெட்டினார்கள். விற்காதவன் வயலில் பக்கத்துக் குளத்து உப்பு ஊறியது. அடுத்த வருடம் அவனும் விற்றான். இப்போது வடிகாலை அகலப்படுத்தி உப்பனாற்றுத் தண்ணீரை உள்ளே கொண்டு போகப் போகிறார்கள். வடிகால் கரை புறம்போக்கு. அதற்கு ஊர் ஆட்சேபம் இல்லையென்று எழுதித் தர வேண்டியிருந்தது. ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் நடுவில் இருந்து பேசி முடித்தார். பதிலுக்குக் கடற்கரை வரை தார் ரோடு, ஒரு வலைக்கூடம்.

“ரோட்டுக்காக நான் கையெழுத்துப் போடல தொர,” என்றார் சிங்காரவேலு. “என்ன வேணா வெட்டிக்க, பிடாரி கோயில் ஆலமரத்துல ஒரு எல உதிரக் கூடாதுன்னு சொன்னேன். அது எங்க தூண்டில்காரனுக்கு அடையாளம்யா, அத வெச்சுத்தான் அவன் களவா பிடிக்கிறான்னேன். பண்ணைக்காரன் முழிக்கிறான். விடல. எழுதியே வாங்கிட்டேன்.”

துரைராசு மீன்கூடையை மணலில் இறக்கினார்.

ஆலமரம் ரெத்தினத்தின் வேலை. பாரைக் கண்ட வருடமே அவர் தினமும் சாயங்காலம் அந்த ஆலமரத்தடியில் போய் உட்கார ஆரம்பித்தார். கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ஆடியில் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிப் பொங்கல் வைத்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஊர் தானாகப் புரிந்துகொண்டது. ஆலமரத்துக்கு நேரே போய்த் தூண்டில் போட்டவர்கள் எல்லாரும் சேற்றில் கெளுத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். பார் ரெத்தினம் வீட்டுக்குக் கட்டுப்பட்டது என்று பேசிக்கொண்டார்கள். அப்பா போனபின் துரைராசு பொங்கலை நிறுத்தவில்லை. போன ஆடியில் சிங்காரவேலுவே வந்து பிரசாதம் வாங்கிப்போனார்.

“வடிகால் கரையில ரெண்டு பனை நிக்குதே,” என்றார் துரைராசு.

“அந்த ஆம்பளப் பனையா? ஒரு நொங்குக்கு வழி இல்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பொக்லைன் வருது. மொத வெட்டே அதுலதான்.” சிங்காரவேலு குனிந்து பெரிய களவாவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். “ஊரு உன்ன விட்டுடல, தெரிஞ்சுக்க. கையெழுத்துல உன் பேரு மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் வந்து போட்டுட்டுப் போ.”

வீட்டில் மனைவி செவ்வந்தி பெரிய மீன்களை ஏஜெண்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சின்னதை அறுத்தாள். களவாவின் தலை அவளுக்கு. தலையைப் பிளந்து புளியில் போட்டுக் கொதிக்கவிட்டால் கன்னத்துச் சதை வெண்ணெய்போலக் கழன்று வரும். அதை அவள் யாருக்கும் தரமாட்டாள். உச்சிவேளையில் குழம்பை இறக்கும்போது ஜன்னத் பீவி வந்தாள்.

ஜன்னத் பீவிக்கு வடிகாலை ஒட்டி மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு மிராசுதார் அவசர அவசரமாக விற்றதை அவள் மாமனார் வாங்கிப் போட்டது. புருஷன் யூனுஸ் சவுதியில் லாரி ஓட்டினான். அவள்தான் ஆள் வைத்து நட்டாள், அறுத்தாள். அந்தப் பக்கத்தில் விற்காமல் இருப்பது அவள் நிலம் ஒன்றுதான். தை அறுப்புக்குப் பின் தெளித்த உளுந்து இந்த வருடம் காய்க்கும் முன்பே கருகிவிட்டது. செவ்வந்தி வாரம் இரண்டு நாள் அவள் வீட்டு வாசலில் மீன்கூடையை இறக்குவாள். அந்தப் பழக்கம்தான்.

செவ்வந்தி பாயை விரித்தாள். ஜன்னத் பீவி உட்காரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றபடியே பேசினாள். தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்தாகிவிட்டது. போன ஆட்சியில் ஒருத்தர் மனு வாங்கினார், இந்த ஆட்சியில் இன்னொருத்தர் வாங்குகிறார், வேட்டிக் கரைதான் வேறே. புருஷனின் அண்ணன் சேக் தாவூது விற்றுவிடச் சொல்லிச் சவுதிக்குக் கடுதாசி மேல் கடுதாசி போடுகிறார். வடிகாலில் உப்புத் தண்ணீர் ஏறினால் அந்த மூன்று மாவில் அதற்கப்புறம் கோரைகூட முளைக்காது.

“தொரண்ணே, உங்க ஊர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, உங்களுது மட்டும் இல்லைன்னு ரெவின்யூ ஆர்.ஐ. சொன்னாரு. அதான் வந்தேன்.”

நான் கடலுக்குப் போயிருந்தேன், அதனால்தான் போடவில்லை என்று துரைராசு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“காலையில நான் அந்த மொதப் பனைகிட்டப் போயி நிக்கப் போறேன்,” என்றாள் ஜன்னத் பீவி. “பொம்பள ஒருத்தி நின்னா ஓரமாப் போம்மான்னு தள்ளிட்டுப் போயிடுவான். கூட உங்க ஊரு ஆளு ஒருத்தர் நின்னா, இவன் ஏன்டா நிக்கிறான்னு யோசிப்பான். அவன யோசிக்க வெச்சாப் போதும் எனக்கு.”

துரைராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஜன்னத் பீவி செவ்வந்தி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். அப்புறம் போய்விட்டாள்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். செவ்வந்தி தன் தட்டிலிருந்து களவாக் கன்னத்தை எடுத்துப் புருஷன் தட்டில் வைத்தாள். துரைராசு நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லிடுங்க,” என்றாள்.

“என்னத்த?”

“பனைய.”

அவர் கை சோற்றில் நின்றது. “யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. பெரிய பொயல் அடிச்சப்ப விடிஞ்சதும் ஊரே வலையத் தேடி, வள்ளத்தத் தேடி ஓடுச்சு. நீங்க மட்டும் வடிகால் பக்கம் ஓடினீங்க. திரும்பி வந்து, ரெண்டும் நிக்கிதுன்னு சொல்லிட்டுப் படுத்துத் தூங்கிட்டீங்க. அன்னிக்கு நம்ம வீட்டுக்குக் கூரை இல்ல.”

கோவிந்தராசு குழம்பை ஊற்றிக்கொண்டே, தனக்கும் தெரியும் என்றான்.

“நீ திரும்பிப் பாத்தியா?” துரைராசுவின் குரல் ஏறியது.

“சத்தியமாத் திரும்பல மாமா. ஆனா கல்ல விட்டதும் நான் தண்ணியில குதிச்சுக் குளிப்பனா இல்லியா? முங்கி எந்திரிக்கிறப்ப மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

செவ்வந்தி சிரித்துவிட்டாள். துரைராசு சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை. அப்பா அவரை இடுப்பளவுக் கடலில் நிறுத்தி, கையில் உப்புத் தண்ணீரை அள்ளி வைத்து வாங்கிய சத்தியம் அது. அது போகட்டும். சொன்னால் என்ன ஆகும்? மறுநாளே இருபது கட்டுமரம் போய் நிற்கும். ஒரு களவா இந்த அளவுக்கு வளர எத்தனையோ வருடம் ஆகும். ஒரு பருவத்தில் துடைத்துவிடுவார்கள். இரண்டு தலைமுறையாக ஊரை ஏமாற்றியவன் என்று காறித் துப்புவார்கள். அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

வேறு அடையாளம் பிடித்துக்கொண்டால் என்ன என்று கோவிந்தராசு கேட்டான். வெட்டுவதற்கு முன் விடியற்காலை போய்ப் பார்மேல் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

“என்ன இருக்கு அங்க பாக்க? சவுக்க வெட்டிடுவான். அப்புறம் கொளம்தான், கொளம்தான், கொளம்தான்.”

“கம்பெனி லைட்டுக் கம்பம் நடுவான் மாமா. அது பனையவிட ஒசரம்.”

“நடுவான். மூணு வருஷம் எறால் எடுப்பான். மண்ணு செத்துப்போனதும் கம்பத்தப் பிடுங்கிக்கிட்டு வேற ஊருக்குப் போவான். நான் எதப் பாத்துக்கிட்டு நிப்பேன்?”

 செவ்வந்தி அவர் தட்டை இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“சொன்னா இருபது பேரு பிடிப்பான். சொல்லாட்டி யாரும் பிடிக்க முடியாது, நீங்களும்தான்,” என்றாள். “சாப்பிடுங்க. கன்னம் ஆறுது.”

வெயில் தாழ்ந்தபின் துரைராசு வடிகால் பக்கம் நடந்தார். வெட்டுவதற்கு அடையாளமாக இரண்டு பனையிலும் மார்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு வளையம் போட்டிருந்தார்கள். முன்பனையின் அடிமரம் உப்புக் காற்றில் கறுத்துச் செதில் செதிலாக இருந்தது. அவர் அதைத் தொட்டதில்லை. இவ்வளவு நாளும் இந்தப் பக்கம் வந்து நின்றால் யாராவது கவனித்துவிடுவார்கள் என்று நாற்பது வயதுக்கு மேலும் ஒதுங்கியே போனவர். இப்போது கையை வைத்தார். வெயிலின் சூடு இன்னும் மரத்தில் இருந்தது.

ஜன்னத் பீவி வயலில் கருகிய உளுந்தைப் பிடுங்கி ஆட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். வயலின் பள்ளமான மூலையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கே அவள் வரப்பை வெட்டி வடிகாலுக்கு வாய் திறந்துவிட்டிருந்தாள். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வரும். இரண்டு முறை கட்டி வடித்தால் உப்புக் கழுவிவிடும் என்றாள். இந்த வடிகால் நல்ல வடிகாலாக இருந்தால்தான் அது நடக்கும். அவள் அவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டார். கட்டு கனமே இல்லை.

சிங்காரவேலு வீட்டுக்கு அன்று அவர் கையெழுத்துப் போடப் போகவில்லை.

மறுநாள் துரைராசு கடலுக்குப் போகவில்லை. கட்டுமரம் மணலில் காய்ந்தது. பத்து மணிக்கு முன்பே வடிகால் கரையில் கூட்டம். பொக்லைன் இந்த ஊருக்குப் புதிது. அதைப் பார்க்கவே பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மஞ்சள் நிறத்தில், பல் வைத்த கையை மடக்கிக்கொண்டு அது நின்றது. ஆர்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள், பண்ணை மேனேஜர். நடுவில் கரை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒன்றியச் செயலாளர். அவரை எல்லாரும் ஒன்றியம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜன்னத் பீவி முன்பனையில் முதுகைச் சாய்த்து நின்றாள். சேக் தாவூது தள்ளி நின்று, வீட்டு மானம் போகிறது, வா என்று அடிக்குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

துரைராசு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே செவ்வந்தி வந்தாள். கோவிந்தராசு வந்தான். நாலு பேர்.

“என்ன தொர, கையெழுத்துப் போட எடம் தெரியாம வந்துட்டியா?” என்று சிங்காரவேலு கேட்டார். கூட்டத்தில் சிரித்தார்கள்.

“ஆலமரம் இல்லீங்க,” என்றார் துரைராசு.

“என்ன ஆலமரம்?”

“அடையாளம் ஆலமரம் இல்ல. இதுதான். இந்தப் பனையும் அந்தப் பனையும்.”

பொக்லைன் என்ஜின் இரைந்துகொண்டிருந்தது. துரைராசு கடலைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் சொன்னார். பனை இரண்டும் ஒன்றாக வேண்டும். மினாராவின் பிறை சுங்கச் சாவடிச் சுவருக்கு மேல் ஏற வேண்டும். பதினாலு பாகம். உயிருள்ள சூடை. பொந்தில் போய் உட்கார்ந்தால் இழுக்கக் கூடாது, தளர விட வேண்டும். நாலு கட்டுமரத்துக்கு மேல் ஒரே நாளில் போகக் கூடாது; சின்னதைத் திருப்பி விட்டுவிட வேண்டும். பாடம் ஒப்பிப்பது போல, நிறுத்தாமல், எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “அப்ப ஆலமரத்துக்குப் பொங்க வெச்சது?”

“பொய்.”

“உங்கப்பா?”

“அவரும் பொய்தான்.”

கூட்டம் கலகலத்து ஆளாளுக்குப் பேசியது. ஒரு கிழவர், அந்த ஆலமரத்தை நம்பி நான் இருபது வருடம் சேற்றைக் கிண்டினேன் என்று மணலை வாரி அவர்மேல் எறிந்தார். மணல் ஜன்னத் பீவி மேலும் விழுந்தது. அவள் முக்காட்டை உதறிக்கொண்டு அப்படியே நின்றாள். யாரோ துரைராசுவின் அப்பாவைத் தாயோடு சேர்த்துத் திட்டினார்கள். செவ்வந்தி, செத்தவரத் திட்டாத, உசுரோட நிக்கிறவரத் திட்டு என்றாள்.

ஒன்றியம் கண்ணாடியைக் கழற்றினார். “நாட்டாரே, என்ன கூத்து இது? மீனுக்குப் பனமரம் வேணுமா? இன்னிக்குப் பனைம்பான், நாளைக்கு மினாராவ எவனும் தொடக்கூடாதும்பான். நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க.” அவர் காகிதத்தை நீட்டிக் காட்டினார். கடைசியில் சிங்காரவேலுவின் கையெழுத்து பெரிசாக இருந்தது. அதற்குக் கீழே ஊர் முழுக்கக் கையெழுத்தும் ரேகையும்.

சிங்காரவேலு காகிதத்தைப் பார்க்கவில்லை. துரைராசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஊருக்கு முன்னால், ஆபீசர்களுக்கு முன்னால், அவர் ஒரு ஆலமரத்துக்காக வாதாடி ஜெயித்தவர்.

“உனக்கு என்ன தண்டனை குடுக்கணும்னு தெரியுமாடா?”

“தெரியும் நாட்டார். ஊரு கூடட்டும். என்ன அபராதம் சொன்னாலும் கட்டுறேன்.” துரைராசு பனையின்மேல் கையை வைத்தார். “ஆனா நேத்து வரைக்கும் அது என்னோட பாரு. இப்ப சொல்லிட்டேன். இப்ப அது ஊரு பாரு. அவன் வெட்டப்போறது என் மரத்த இல்ல.”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிரைவருக்குக் கை காட்டினான். பொக்லைன் கையை நிமிர்த்தியது. சேலம் பக்கத்து டிரைவர். இந்தக் கடல் பேச்சு எதுவும் அவனுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. வண்டி சங்கிலிச் சக்கரத்தில் நகர்ந்து மூன்று ஆள் நீளத்துக்குக் கிட்டே வந்தது. தரை அதிர்ந்தது. கோவிந்தராசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஜன்னத் பீவி உதட்டுக்குள் ஏதோ ஓதினாள். யாரும் நகரவில்லை.

மணல் எறிந்த கிழவர் கூட்டத்திலிருந்து விலகிக் கடலோரம் போனார். அங்கே நின்று கரையைப் பார்த்தார். நாலடி வடக்கே போனார். திரும்பி இரண்டடி தெற்கே வந்தார். நின்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, மறையுதுடா, ஒண்ணாயிடுதுடா என்றார். இளவட்டங்கள் அவர் நின்ற இடத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொருவனாக அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். பெண்கள் போனார்கள். போனவர்கள் திரும்பி வரும்போது பழைய இடத்துக்கு வரவில்லை. பனைக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றார்கள். பத்துப் பேர், பதினைந்து பேர். கிழவரும் வந்தார். வரும்போதே துரைராசுவைத் திட்டிக்கொண்டு வந்தார்.

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் ஒன்றியத்தைப் பார்த்தான். ஒன்றியம் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். ஆர்.ஐ. தன் மோட்டார் சைக்கிள் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

“நாட்டாரே, ஊர ஒதுங்கச் சொல்லுங்க,” என்றார் ஒன்றியம். “சொல்லாட்டிப் பின்னால வருத்தப்படுவீங்க. ரோடு வராது. கேஸ் வரும்.”

சிங்காரவேலு தோள்துண்டை எடுத்து உதறினார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. அவர் கடலோரம் போகவில்லை, எதையும் சரிபார்க்கவில்லை. நேராக முன்பனைக்கு வந்து, துண்டை அதன் அடியில் விரித்து, பெரிய உடம்பை மெதுவாக இறக்கி உட்கார்ந்தார். முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார். துரைராசு அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சிங்காரவேலு அவரைப் பார்க்காமலே கேட்டார்.

“முப்பது வருஷம் ஊரக் கெளுத்தி திங்க வெச்சீங்களேடா அப்பனும் மவனும். இன்னும் எத்தன பாரு வெச்சிருக்க?”